ஜூவுக்கு மிருகம் எங்கயிருந்து வருது, ஒரு ஜூவில இருந்து மற்ற ஜூவுக்கு எப்பிடிப் போகுது?

வன்னியில மிருகக்காட்சிசாலை எண்டு ஒண்டும் இல்ல. ஆனா யானை காணிக்குள்ள இறங்கி வாழையையும் தென்னம்பிள்ளையையும் முறிச்சுப் போட்டுப் போனாலும் சரி, குரங்கு கூட்டமா வந்து குரும்பையில இருந்து மாங்காய் வரைக்கும் நாசம் பண்ணினாலும் சரி, சனம் முதல்ல சொல்லுறது "உதுகளப் பிடிச்சு தெஹிவளை ஜூவுக்கு அனுப்புங்கோவன்" எண்டுதான். பயிர் போன கோவம், அது நியாயமான கோவம், அதில நான் பிழை சொல்ல வரேல்ல. ஆனா ஜூ எண்டுறது காட்டில பிடிச்சதக் கொண்டு போய் விடுற இடமா இப்ப இல்ல. பள்ளிக்கூடச் சுற்றுலா போற பிள்ளையளும் கூட்டுக்கு முன்னால நிண்டு "இந்தச் சிங்கத்த எங்க பிடிச்சவை" எண்டுதான் கேக்குங்கள், அதுக்குச் சரியான பதில் என்னெண்டா, அனேகமா அத ஒருத்தரும் எங்கயும் பிடிக்கேல்ல, அது இன்னொரு ஜூவில பிறந்து கடதாசியோட வந்தது. அந்தக் கடதாசிக்குப் பின்னால பெரிய ஒரு ஏற்பாடு இருக்கு, அது விளங்கினா எங்கட ஊர்ப் பிரச்சினையையும் வேற மாதிரிப் பாக்கலாம் எண்டுதான் இத எழுதுறன்.

முந்தின காலத்தில பிடிக்கிறது மட்டும்தான் வழி. வன்னி அதில தூர நிண்டு பாத்த இடம் இல்ல. வன்னியர் தலைவர்மார் யாழ்ப்பாணத்து அரசருக்கும், பிறகு போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானையாத்தான் திறை குடுத்தவை. பிடிச்ச யானையள யானையிறவுப் பக்கத்தால கடத்தி யாழ்ப்பாணம் கொண்டு போக, கோல்கொண்டா, வங்காளப் பக்கத்து வியாபாரிமார் வந்து வாங்கிக் கப்பலில ஏத்துவினம். அது ராசாமாருக்கும் படைக்கும் போனது. ஜூவுக்கெண்டு பிடிச்சது பிறகு, 19ஆம் நூற்றாண்டில ஐரோப்பிய நகரங்கள் எல்லாம் ஜூ கட்டத் தொடங்கினாப் பிறகு. ஜேர்மனியில ஹம்பேர்க்கில இருந்த கார்ல் ஹாகன்பெக் அந்தக் காலத்துப் பெரிய மிருக வியாபாரி, உலகம் முழுக்க ஆள் வச்சுப் பிடிச்சு ஜூக்களுக்கும் சேர்க்கஸ்களுக்கும் வித்தவர். குட்டி பிடிக்கிறது எப்பிடி எண்டா கனக்க இடத்தில தாயைச் சுட்டுப்போட்டுத்தான், ஒரு குட்டி உயிரோட ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர எத்தினை பெரிசுகள் செத்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. மிருகத்தோட நிக்கேல்ல, 1880களில இலங்கைச் சனத்தையே கூட்டிக்கொண்டு போய் யானையளோட சேத்து ஐரோப்பாவில காட்சிக்கு வச்சவர் அவர். இத எங்கட பிள்ளையள் தெரிஞ்சிருக்கவேணும் எண்டு நினைக்கிறன்.

அவற்ற தகப்பன்ர ரெண்டாம் தாரத்து மகன் ஜோன் ஹாகன்பெக் கொழும்பில இருந்து இந்த வியாபாரத்தச் செய்தவர். அவர் தெஹிவளையில வச்சிருந்த மிருகங்கள், அதுக்கான கொம்பனி நொடிஞ்சு போக, 1936இல அரசாங்கத்தின்ர கைக்கு வந்தது, அதுதான் இண்டைக்கு நாங்கள் பாக்கிற தெஹிவளை மிருகக்காட்சிசாலையின்ர தொடக்கம். 1946இல அதுக்கெண்டு தனித் திணைக்களம் வந்தது, பின்னவல யானையள் சரணாலயம், 2015இல திறந்த பின்னவல மிருகக்காட்சிசாலை, 2016இல அம்பாந்தோட்டையில திறந்த ரிதியகம சபாரிப் பூங்கா எல்லாம் அந்த ஒரே திணைக்களத்துக்குக் கீழதான். அதால தெஹிவளையில இடம் காணாமப் போனா ரிதியகமவுக்கு மாத்துறது உள்நாட்டுக்குள்ள, ஒரே வீட்டுக்குள்ள அறை மாத்துற வேலை. வெளிநாடு எண்டு வரேக்கதான் கதை பெரிசாகும்.

1973இல வாஷிங்டனில ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டவை, சைட்டிஸ் எண்டு சொல்லுறது, 1975இல நடைமுறைக்கு வந்தது, இலங்கை 1979இல சேந்தது. அழியிற ஆபத்தில இருக்கிற மிருகத்தையும் மரஞ்செடியையும் நாட்டுக்கு நாடு விக்கிறதுக்குக் கடிவாளம் போடுறதுதான் அதின்ர வேலை. மிருகங்கள அதின்ர ஆபத்துக்கு ஏத்த மாதிரி மூண்டு பட்டியலாப் பிரிச்சிருக்கினம். முதலாம் பட்டியலில இருக்கிறதுக்குத்தான் கடும் கட்டுப்பாடு, எங்கட யானை, சிறுத்தை எல்லாம் அதிலதான், எங்கட வறண்ட காட்டுப் பக்கம் ஊருற நட்சத்திர ஆமையும் 2019இல அதுக்குள்ள போட்டது, அவ்வளவுக்கு அதக் கடத்தி செல்லப்பிராணியா விக்கிறாங்கள். முதலாம் பட்டியல் மிருகம் ஒண்டு நாடு மாறோணும் எண்டா அனுப்புற நாட்டின்ர பெர்மிட் மட்டும் காணாது, எடுக்கிற நாடும் பெர்மிட் குடுக்கோணும், அதுவும் முதல்ல எடுக்கிற நாடுதான் குடுக்கோணும், காசு உழைக்கிறதுக்கு இல்ல, வச்சுப் பராமரிக்க இடம் ஒழுங்கா இருக்கு எண்டு உறுதிப்படுத்தினாப் பிறகுதான் அனுப்புற பக்கம் கையெழுத்து விழும். பெர்மிட்டில மிருகம் காட்டில பிடிச்சதா கூட்டில பிறந்ததா எண்டு குறிக்கிறதுக்கு ஒரு எழுத்து இருக்கு. சின்ன எழுத்துத்தான், ஆனா கள்ள வேலை நடக்கிறதெல்லாம் அந்த எழுத்திலதான், காட்டில பிடிச்சத கூட்டில பிறந்தது எண்டு எழுதிப் போட்டா ஒரு களவு மிருகம் நல்ல மிருகமா மாறிடும். அதாலதான் நல்ல ஜூக்கள் பெர்மிட்டோட நிக்காம தாய் ஆர், தகப்பன் ஆர், எந்த ஜூவில எண்டைக்குப் பிறந்தது எண்டு தோண்டித் தோண்டிக் கேக்கினம்.

சரி, கூட்டில பிறந்தது ஒண்டு வேணும் எண்டா என்ன விலை? இதுதான் கனபேர் நம்பாத இடம். ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலியாவில ஒழுங்கா நடக்கிற ஜூக்கள் தங்களுக்குள்ள அனேகமா மிருகத்துக்குக் காசு வாங்கிறேல்ல. பெட்டி, பயணம், வைத்தியப் பரிசோதனை எல்லாத்துக்கும் செலவிருக்கு, அத அனேகமா எடுக்கிற பக்கம் கட்டும், மிருகத்துக்கு எண்டு விலை இல்ல. ஒண்டில் சும்மா குடுப்பினம், இல்லாட்டி மாத்துச் செய்வினம், அதுவும் இல்லாட்டி இனப்பெருக்கக் கடனாக் குடுப்பினம். இந்தக் கடன் எங்கட ஆக்களுக்கு உடன விளங்கும், ஏனெண்டா வன்னியில ஒருத்தற்ற பசுவ இன்னொருத்தர் வாரத்துக்கு வளத்து, ஈனுற கண்டுகளில பங்கு எடுக்கிறது தெரிஞ்ச விசயம்தானே, பசு நிக்கிறது என்ர பட்டியில, ஆனா சொந்தக்காரன் நீங்கள். ஜூவிலயும் அதேதான், மிருகம் நிக்கிற இடம் ஒண்டு, சொந்தக்காரன் வேற இடத்தில, முதல் குட்டி ஆருக்கு ரெண்டாவது ஆருக்கு, செத்தா உடம்பு ஆருக்கு எண்டது வரைக்கும் முன்கூட்டியே எழுதி வைப்பினம்.

இந்தக் கடன் முறையில ரெண்டு கதை முக்கியம், ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிர். சீனா முந்தி பாண்டா கரடிய மற்ற நாட்டுக்கு அன்பளிப்பாக் குடுத்துக்கொண்டிருந்தது, 1980களில அத நிப்பாட்டிப்போட்டு கடனுக்கு மாறிச்சுது, இப்ப ஒரு சோடிக்கு வருசம் 10 லட்சம் டொலர் அளவில கட்டணம், அனேகமா 10 வருச ஒப்பந்தம், வெளிநாட்டு ஜூவில பிறக்கிற குட்டியும் சீனாவுக்குத்தான் சொந்தம், வளந்தாப் பிறகு திருப்பி அனுப்போணும். மற்றது பிரேசிலின்ர தங்கச் சிங்கக் குரங்கு, சின்னச் சாமான், செம்பொன் நிறம். அது காட்டில அழியிற கட்டத்துக்கு வரேக்க உலகத்தில கனக்க ஜூக்கள் அத வச்சிருந்தவை, பிறகு அந்த ஜூக்கள் எல்லாம் தங்கட குரங்குகளின்ர உரிமைய பிரேசில் அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்திட்டினம், இண்டைக்கு வேற நாட்டுக் கூட்டில நிக்கிற அந்தக் குரங்கும் பிரேசிலின்ர சொத்து, ஜூ வளர்க்கிறவர் மட்டும்தான். கனக்கக் குரங்குகளத் திருப்பிக் கொண்டு போய் காட்டிலயும் விட்டவை. எனக்கு இந்த ரெண்டாவது ஏற்பாட்டில நல்ல மரியாதை. ஒரு நாட்டின்ர காட்டில இருந்து போனது அந்த நாட்டுக்கே சொந்தம் எண்டு, காசு கேக்காம ஒத்துக்கொள்ளுறது லேசான காரியம் இல்ல.

இனி எந்த மிருகம் எங்க போகோணும் எண்டத ஆர் தீர்மானிக்கிறது? ஜூவின்ர பணிப்பாளர் தனக்கு ஆசைப்பட்டத எடுக்கிறது எண்டு நினைக்காதேங்கோ. ஒவ்வொரு இனத்துக்கும் வம்சப் பதிவேடு இருக்கு, ஐரோப்பாக் காட்டெருமைக்கு 1932இலயே அச்சடிச்சது, அதுதான் இப்பிடியான பதிவேட்டில முதலாவது. அமெரிக்காவில 1981இலயும் ஐரோப்பாவில 1985இலயும் இதுக்கெண்டு பெரிய திட்டங்கள் தொடங்கி, இனத்துக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் எண்டு போட்டவை. அவர் கணக்குப் பாக்கிறது இப்பிடி: இந்த மிருகத்துக்கு மொத்தக் கூட்டத்துக்குள்ள எவ்வளவு சொந்தபந்தம் இருக்கு? சொந்தம் குறைஞ்சதுதான் பெறுமதி கூடினது, ஏனெண்டா அதின்ர ரத்தம் மற்றதுகளிட்ட இல்ல, அது குட்டி போடாமச் செத்தா அந்த வம்சம் அதோட முடிஞ்சுது. சொந்தம் கூடினது எவ்வளவு வடிவா இருந்தாலும் அதுக்குச் சோடி குடுக்க மாட்டினம். அந்த சோடி ஒண்டு லண்டனிலயும் மற்றது பிராக்கிலயும் நிண்டா, ஒண்டு பெட்டிக்குள்ள ஏறோணும், அவ்வளவுதான். தோலுக்குக் கீழ அரிசிமணியளவு மைக்ரோசிப் ஒண்டு ஊசியால போட்டிருப்பினம், பறவைக்கு எண்டா காலில வளையம், பிறப்பு, வருத்தம், மருந்து, குட்டி, மாறின இடம் எல்லாம் ஜூக்கள் சேந்து பாவிக்கிற கொம்பியூட்டர்ப் பதிவில ஏறும்.

இப்பிடிப் பாக்காட்டி என்ன நடக்கும் எண்டதுக்கு வெள்ளைப்புலி சாட்சி. 1951இல மத்திய இந்தியாவில ரேவா மகாராசா ஒரு வெள்ளைப் புலிக்குட்டியப் பிடிச்சு மோகன் எண்டு பேர் வச்சார், பிறகு அந்த நிறம் வரோணும் எண்டதுக்காக மோகன அதின்ர சொந்த மகளோடயே சோடி சேத்தவை, உலகம் முழுக்க ஜூக்களில நிக்கிற வெள்ளைப்புலிகளில பெரும்பங்குக்கு மூலம் இந்த மோகன்தான். மாறுகண், வளைஞ்ச முள்ளந்தண்டு, பிறந்த உடன சாவு எண்டு அதுகள் படுற பாடு சனம் நிறத்தப் பாத்து ரசிக்கேக்க தெரியிறேல்ல. மற்றப் பக்கம், கணக்கா மாத்தினா என்ன நடக்கும் எண்டதுக்கு அரேபிய ஓரிக்ஸ் மான். வேட்டையில முடியப் போகுது எண்டு 1962இல அரேபியாவின்ர தெற்கில ஏடன் பக்கம் போய் மூண்டப் பிடிச்சு, லண்டன் ஜூவில ஒண்டு, குவைத்தில ஒண்டு, சவூதி அரசரின்ர தோட்டத்தில கொஞ்சம் எண்டு சேத்து ஒன்பதோட அமெரிக்காவில பீனிக்ஸ் ஜூவில கூட்டம் ஒண்டு தொடங்கினவை. 1972இல காட்டில இருந்த கடைசி ஓரிக்சும் சுடுபட்டுச் செத்துது. ஆனா ஜூவுக்கு ஜூ மாத்தி மாத்திப் பெருக்கின கூட்டத்தில இருந்து 1982இல ஓமான் பாலைவனத்தில திருப்பி விட்டவை. நாலைஞ்சு சொந்தக்காரர் தங்கட மானப் பிடிச்சு வச்சுக்கொண்டு தரமாட்டன் எண்டிருந்தா இண்டைக்கு அந்த மிருகமே இல்ல.

இந்தக் கணக்குக்கு ஒரு கொடுமையான பக்கமும் இருக்கு, அத மறைச்சு எழுத ஏலாது. 2014 பெப்ரவரியில டென்மார்க்கில கோப்பன்ஹேகன் ஜூவில மாரியஸ் எண்ட ஒட்டகச்சிவிங்கி, ரெண்டு வயசும் ஆகேல்ல, ஒரு வருத்தமும் இல்ல, அதின்ர வம்சம் திட்டத்துக்குள்ள ஏற்கெனவே காணும் எண்டு சொல்லிச் சுட்டு, சனத்துக்கு முன்னால வெட்டி, சிங்கத்துக்குப் போட்டவை. எடுக்கத் தயாரா வேற இடங்கள் இருந்தது, ஜூ குடுக்கேல்ல, அந்த இடம் மாரியசுக்குப் போனா வம்சம் கூடப் பெறுமதியான இன்னொண்டுக்கு இல்லாமப் போகும், சில இடங்கள் தரமும் இல்ல எண்டு அவையின்ர விளக்கம். விளக்கம் எனக்கு விளங்குது, ஆனா மனம் ஒத்துக்கொள்ளேல்ல, பெருக்கினது நீங்கள், பெருக முதலே குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்கலாம் எண்டுதான் நான் சொல்லுவன், அப்பிடிச் செய்யிற ஜூக்கள் கனக்க இருக்கு.

பயணம் எண்டுறதும் நாங்கள் நினைக்கிற மாதிரி மயக்க ஊசி போட்டுத் தூக்கி லொறியில எறியிற வேலை இல்ல. மயங்கின மிருகம் ஆட்டத்தில நிலை தடுமாறி விழும், மூச்சடைக்கும், அதால ஏலுமெண்டா முழிப்பாத்தான் கொண்டு போறது. அதுக்காக பயணத்துக்கு மாசக்கணக்கா முன்னுக்கே பெட்டியக் கொண்டு வந்து கூட்டுக்குள்ள வச்சு, அதுக்குள்ள சாப்பாடு போட்டு, தானா ஏறிப் பழக விடுவினம். பெட்டியின்ர நீளம் அகலம், காத்து வாற ஓட்டை எல்லாத்துக்கும் விமானக் கொம்பனியளின்ர சர்வதேச விதி இருக்கு. போக முதல் ரத்தப் பரிசோதனை, யானைக்கெண்டா தும்பிக்கைக்குள்ள உப்புத்தண்ணி விட்டு எடுத்து காசநோய் இருக்கோ எண்டு பாப்பினம், போய்ச் சேந்தாப் பிறகு மற்ற மிருகங்களோட சேக்காம அனேகமா 30 நாள் தனிய வச்சுப் பாப்பினம். பின்னவலயில இருந்து அஞ்சலி எண்ட சின்னப் பெண் யானை நியூசிலாந்தின்ர ஆக்லாண்ட் ஜூவுக்குப் போனது 2015இல, ஆனா நேர அங்க இறக்க நோய்ச் சட்டம் விடேல்ல, பசுபிக் கடலுக்குள்ள நியுவே எண்ட குட்டித் தீவில மூண்டு மாசம் வச்சிருந்துதான் கொண்டு போனவை. பிறகு ஆக்லாண்ட் ஜூ யானை வளர்க்கிறத விட்டிட்டுது, அஞ்சலி அவுஸ்திரேலியாவுக்குப் போட்டா. பின்னவல, நியுவே, ஆக்லாண்ட், அவுஸ்திரேலியா, கூட்டமா வாழ வேண்டிய ஒரு யானைக்கு இவ்வளவு இடம் மாறுறது சின்ன விசயம் இல்ல.

அஞ்சலி போனது வம்சக் கணக்கால இல்ல, அரசாங்கம் குடுத்த அன்பளிப்பா. எங்கட நாட்டின்ர பெரிய குறை இதிலதான் இருக்கெண்டு நினைக்கிறன், யானைய விருந்தாளிக்குக் குடுக்கிற பரிசா நினைக்கிறது. 2016இல நந்தி எண்ட அடுத்த குட்டியையும் நியூசிலாந்துக்குக் குடுக்கிறம் எண்டு அறிவிச்சவை, ஆனா 2017இல மிருக நேயர்கள் நீதிமன்றம் போக அந்தப் பயணம் நடக்கேல்ல. எங்களுக்கு வந்த பரிசும் இருக்கு. தாய்லாந்து 2001இல தந்த முத்துராஜா எண்ட ஆண் யானை தெற்கில ஒரு விகாரையில நிண்டுது, காலில வருத்தம், சரியாப் பாக்கேல்ல எண்டு பெரிய பிரச்சினையாகி, 2023 யூலையில தாய்லாந்தே வந்து இரும்புக் கூட்டுக்குள்ள ஏத்தி, பெரிய சரக்கு விமானத்தில சியாங் மாய்க்குத் திருப்பிக் கொண்டு போனது. 4 தொன் நிறையுள்ள யானை, பாகன்மாரும் கூடவே பறந்தவை. பரிசாக் குடுத்ததத் திருப்பிக் கேட்டு வாங்கிற அளவுக்கு அந்த நாடு அக்கறையா நிண்டது நல்ல விசயம்.

அதே 2023இலதான் எங்கட செங்குரங்க பெருந்தொகையில சீனாவுக்கு, அங்கத்தைய ஜூக்களுக்கு எண்டு சொல்லிக் குடுக்கிற கதை வந்தது, வன்னியிலயும் கனபேர் சந்தோசப்பட்டவை. இப்ப மேல சொன்னத வச்சு யோசிச்சுப் பாருங்கோ. ஒரு லட்சம் குரங்கு எண்டு பேசினவை, எந்த நாட்டு ஜூக்களுக்கு ஒரு லட்சம் குரங்குக்குக் கூடு இருக்கு? எந்தப் பதிவேட்டில அதுகள எழுதப் போகினம்? அந்தக் குரங்கு இலங்கையத் தவிர வேற ஒரு இடத்திலயும் காட்டில இல்லாத இனம், ஆபத்தில இருக்கிறது எண்டு பட்டியலிலயும் இருக்கு. நல்ல ஜூ ஒண்டு குரங்கு எடுக்கிறதெண்டா ஒரு குடும்பமா, விரல் விட்டு எண்ணிற அளவிலதான் எடுக்கும். ஆயிரக்கணக்கில கேக்கிறவனிட்ட, ஜூ எண்ட சொல்லக் கேட்டு ஏமாறாம, என்னத்துக்கு எண்டு கேக்கோணும். தோட்டம் அழியிறதுக்கு வழி தேடத்தான் வேணும், ஆனா அது இந்த வழி இல்ல.

கடைசியா ஒரு வழி இருக்கு, காட்டில இருந்து இப்பவும் ஜூவுக்கு வாறது, அது அநாதையும் காயப்பட்டதும் கடத்தலில பிடிபட்டதும். பின்னவல 1975இல தொடங்கினது தாயில்லாக் குட்டி யானையளுக்குத்தான், யுத்த காலத்தில மிதிவெடியில முன்காலின்ர அடிப்பாகத்த இழந்த சாமா எண்ட யானையையும் அங்கதான் வளத்தவை. கடத்தல்காரரிட்டப் பிடிபட்ட நட்சத்திர ஆமையளும் அப்பிடித்தான், எந்தக் காட்டில இருந்து எடுத்தது எண்டு தெரியாட்டி திருப்பி விடவும் ஏலாது, நோய் கொண்டு போகும், அதால அதுகள் கூட்டிலயே கிடக்கும். ஆனா வளந்த காட்டு மிருகத்த, காணிக்குள்ள வந்ததெண்ட ஒரே காரணத்துக்காக ஜூவுக்குள்ள போடுறேல்ல, ஏனெண்டா காட்டில வளந்த ஆண் யானை கூட்டில அடங்காது, முட்டி மோதி தன்னையே காயப்படுத்தும், காட்டுச் சிறுத்தை சாப்பிடாம நகமும் பல்லும் உடைய இரும்பக் கடிக்கும், வச்சிருக்கிற ஜூவுக்கும் அதோட சோடி சேக்க இடம் இருக்காது. கிளிநொச்சி அம்பாள்குளத்தில 2018 யூனில ஊருக்குள்ள வந்து ஆக்களக் காயப்படுத்தின சிறுத்தையச் சனம் அடிச்சுச் சாக்காட்டின நேரம் "ஜூவுக்காவது குடுத்திருக்கலாமே" எண்டு கனபேர் எழுதினவை, அந்த நேரம் வேண்டியிருந்தது ஜூ இல்ல, சனத்த விலத்தி மயக்க ஊசியோட வாற ஒரு குழுவும், திருப்பி விடக் காடும்தான்.

குட்டி யானை எண்டா இப்ப முதல் தெரிவு பின்னவலயும் இல்ல. உடவளவையில 1995இல வனசீவராசிகள் திணைக்களம் தொடங்கின யானைக் குட்டியள் பராமரிப்பு நிலையம் இருக்கு, அங்க மனுசரோட கூடப் பழக விடாம, மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பால் குடுத்து வளத்து, அஞ்சு வயசளவில கூட்டமாக் காட்டில விடுவினம், அப்பிடி விட்ட பெண் யானையள் காட்டில குட்டி போட்டும் இருக்கு. ஆகவே குளக்கரையிலயோ கிணத்துக்குள்ளயோ தனிச்ச குட்டி ஒண்டக் கண்டா, கயிறு கட்டி வீட்ட கொண்டு வராதேங்கோ, மாட்டுப்பால் பருக்காதேங்கோ, அது அதுக்குச் செமிக்காது. தாய் பக்கத்துக் காட்டில நிக்கக்கூடும், அதால சனத்தத் தூரத்துக்கு அனுப்பிப்போட்டு, கிராம சேவையாளருக்கோ கிட்டடி வனசீவராசிகள் அலுவலகத்துக்கோ உடன சொல்லுங்கோ, இரவெண்டாலும் சொல்லுங்கோ.